இரண்டு சுடுகாடுகள்

தஞ்சாவூர் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. கோபுரத்தைப் பார்த்தீர்கள். நந்தியைப் பார்த்தீர்கள். கோபுரத்தின் நிழல் தரையில் விழாது என்று எவனோ கட்டிவிட்ட கதையையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்தீர்கள். கல்வெட்டைப் படித்தீர்களா?

பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும். பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவில் வாத்தியார் படித்துக் காட்டுவதில்லை. கைடு படித்துக் காட்டுவதில்லை. மேடையில் இராஜராஜனை முழங்குகிற தலைவர்களும் அந்தப் பக்கம் போவதில்லை. பாரம்பரியம் பாரம்பரியம் என்று நமக்குக் காட்டப்படுவதெல்லாம் பாதிக் கல்தான். மீதிப் பாதியில் நம்முடைய சேரி இருக்கிறது. சேரிக்குத் தனியாக ஒதுக்கிய சுடுகாடு இருக்கிறது. ஆயிரம் வருசத்துக்கு முன்னால் கல்லில் வெட்டிய அந்த இரண்டாவது சுடுகாடு இன்றைக்கும் ஊருக்கு ஊர் புழக்கத்தில் இருக்கிறது. கோபுரத்தைக் காப்பாற்றத் தொல்லியல் துறை தேவைப்படுகிறது. இதற்கு எந்தத் துறையும் தேவைப்படவில்லை. சாதி இந்து தன் சொந்தச் செலவில், பரம்பரை பரம்பரையாகப் பராமரித்து வருகிறான்.

அண்மையில் நண்பர்கள் ஏழு பேர் ஒரு வேன் எடுத்துக்கொண்டு தஞ்சாவூர், தாராசுரம், வழுவூர், வெண்மணி என்று ஒரே நாளில் போய்வந்தோம். பயணக் கட்டுரை எழுதுவது நோக்கமல்ல. அன்றைக்குப் பூராவும் எங்களுக்குள் நடந்த சண்டை பொதுவில் வைக்க வேண்டிய சண்டை. அதனால் எழுத வேண்டியிருக்கிறது.

*

தஞ்சாவூரில் கைடு கடகடவென்று ஒப்பித்தார். கட்டி முடித்தது 1010. உயரம் 216 அடி. உச்சியில் இருப்பது ஒரே கல், 80 டன். சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து சாரம் கட்டி யானையை வைத்து ஏற்றினார்கள். 1987இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2010இல் ஆயிரமாவது ஆண்டு விழாவை அரசாங்கமே எடுத்தது, ஆயிரம் பேர் பரதநாட்டியம் ஆடினார்கள். கடைசியாக, "தமிழன் பெருமை சார்" என்று முடித்தார்.

"கல்வெட்டுல என்ன எழுதியிருக்குண்ணே?" என்று எங்களோடு வந்த மாணவர் கேட்டார்.

"ராஜா குடுத்த நகை நட்டு, விளக்கு, ஆடு மாடு கணக்கு தம்பி. அதுல ஒண்ணும் இல்ல."

அதில்தான் எல்லாம் இருக்கிறது. 1890களில் ஹூல்ட்ஸ் படித்து அச்சில் கொண்டுவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியிலிருந்து சில பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்துப் போயிருந்தோம். மதிலோரத்து நிழலில் உட்கார்ந்து சத்தம் போட்டுப் படித்தோம்.

என்ன கணக்கு அது! நகையை எடை போட்டால் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி வரைக்கும் சொல்கிறது. முத்தை ஒன்று ஒன்றாக எண்ணுகிறது. ஒரு விளக்குக்கு 96 ஆடு. நிலத்தை வேலி, மா, காணி, முந்திரிகை என்று பிரித்துக்கொண்டே போய், ஒரு கைப்பிடி மண்கூடத் தேறாத பின்னம் வரைக்கும் அளக்கிறது. நெல்லளக்கும் மரக்காலுக்கு ஆடவல்லான் என்று பெயர். நடனமாடும் சாமியின் பெயரைத்தான் நெல் வாங்குகிற மரக்காலுக்கு வைத்திருக்கிறான். கோயிலைக் கட்டிய பெருந்தச்சன் குஞ்சரமல்லனின் பெயர் இருக்கிறது. கணக்கன், தையக்காரன், வண்ணான், நாவிதன், குயவன் எல்லோருக்கும் பங்கு எழுதியிருக்கிறது.

சோழ மண்டலத்துக் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகள் ஒவ்வொருத்தியின் பெயரும் இருக்கிறது. எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், இங்கே எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதுவரை இருக்கிறது. ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். "எல்லாம் எழுதியிருக்காங்க தோழர். வர்றதுக்கு இஷ்டமான்னு அவங்களைக் கேட்டாங்களான்னு மட்டும் எழுதல" என்றார் சட்டம் படிக்கும் தோழி.

இப்படி முத்தெண்ணி எழுதிய கல்லில் நாம் எங்கே வருகிறோம்? கோயிலுக்கு வருமானம் விட்ட ஊர்களின் பட்டியலில் வருகிறோம். ஒவ்வொரு ஊரிலும் மொத்த நிலம் இவ்வளவு என்று சொல்லிவிட்டு, வரி கட்டாத நிலம் இன்னது என்று கழித்துக்கொண்டே போகிறார்கள். ஊர்நத்தம். கோயில். குளம். ஊரை ஊடறுத்துப் போகிற வாய்க்கால். பறைச்சேரி. கம்மாணச்சேரி. ஈழச்சேரி. தீண்டாச்சேரி. சுடுகாடு.

சுடுகாடு என்று ஒன்றோடு நிற்கவில்லை. வெள்ளான் சுடுகாடு தனி. பறைச்சுடுகாடு தனி.

ஏழு பேரும் சற்று நேரம் பேசவில்லை. செத்த பிறகும் பக்கத்தில் படுக்கக் கூடாது என்பதை, கோயில் சுவரில், அரசாணையாக, அழகான எழுத்தில் வெட்டி வைத்திருக்கிறான். அந்த எழுத்தின் அழகைப் பற்றித்தான் கலை விமர்சகர்கள் கட்டுரை எழுதுகிறார்கள்.

*

இந்த இடத்தில் மூன்று பதில்கள் தயாராக இருக்கின்றன. எங்கள் வேனுக்குள்ளேயே மூன்றும் வந்துவிட்டன.

முதல் பதில்: "சேரிக்கு வரி போடல பாருங்க. அது சலுகைதானே?" வரலாறு படித்த நண்பர் சொன்னார். ஐயா, அந்தப் பட்டியலில் குளத்துக்கும் வரி இல்லை. வாய்க்காலுக்கும் வரி இல்லை. சுடுகாட்டுக்கும் வரி இல்லை. சுடுகாட்டில் எரிகிற பிணம் இராஜராஜனிடம் சலுகை பெற்ற பிணம் என்பீர்களா? விளையாத நிலத்துக்கு வரி கிடையாது, அவ்வளவுதான் கணக்கு. சேரிக்காரனுக்கு விளைகிற நிலம் இருந்ததா என்று கேளுங்கள். உழப்பறையர் இருக்கும் சேரி என்றும் அதே கல்வெட்டு பேசுகிறது. உழுகிறவன் பறையன். உழுத நெல்லை ஆடவல்லான் மரக்காலால் அளந்து வாங்குகிறவர்கள் வேறே ஆட்கள். சோழர் கல்வெட்டுகளில் வெட்டி என்றொரு சொல் திரும்பத் திரும்ப வரும். கூலி இல்லாமல் செய்ய வேண்டிய வேலை. இன்றைக்கும் வெட்டியான் என்று யாரைக் கூப்பிடுகிறார்கள் என்பதையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பதில்: "பறையர் நிலம் வச்சிருந்ததுக்கும் கோயிலுக்குக் கொடை குடுத்ததுக்கும் வேற கல்வெட்டு இருக்கே." இருக்கட்டும். அதை மறைக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. நிலம் வைத்திருந்த பறையன் ஒரு காலத்தில் இருந்தான் என்றால் என்ன அர்த்தம்? தீண்டாமை சாமி படைத்ததும் அல்ல, இரத்தத்தில் வந்ததும் அல்ல. பிரமதேயம் என்றும் தேவதானம் என்றும் நிலத்தைக் கைமாற்றிக் கைமாற்றி உண்டாக்கினார்கள். உண்டாக்கியதை ஒழிக்க முடியும். அந்தக் கல்வெட்டுகள் நம் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கின்றன.

மூன்றாவது பதில்தான் நயமானது, ஆபத்தானதும் அதுதான். சிற்பக்கலை படித்த நண்பர் சொன்னது: "கல்லுக்கு சாதி கிடையாது தோழர். கலையைக் கலையாப் பாருங்க. எல்லாத்துலயும் அரசியலைக் கொண்டாந்தா என்னத்த ரசிக்கிறது?"

நாங்கள் ரசிக்காமலா இருந்தோம்? கழுத்து வலிக்கிற மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் வந்தோம். கோபுரத்தை இடிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கல்லுக்குச் சாதி இல்லை, சரி. கல்லில் சாதியை வெட்டியது யார்? சுவரின் ஒரு பக்கத்தில் சிற்பம், இன்னொரு பக்கத்தில் பறைச்சுடுகாடு என்றால் அரசியலை அங்கே கொண்டுவந்து வைத்தது நாமல்ல, கோயில் கட்டினவன். சிற்பத்தைப் பார், எழுத்தைப் பார்க்காதே என்று சொல்வதுதான் உண்மையில் அரசியல்.

"நம்ம பாட்டன் இழுத்த கல்லுய்யா, நாமளும் பெருமைப்படலாம்" என்று நம் ஆட்களிலேயே சிலர் சொல்கிறார்கள். தஞ்சாவூரைச் சுற்றிக் கருங்கல் மலை கிடையாது. அவ்வளவு கல்லும் வெளியிலிருந்து வந்துதான் ஆக வேண்டும். யார் இழுத்தது? முத்தை எண்ணிய கல்வெட்டு அவர்களை எண்ணவில்லை. பெயர் போடாதவன் முதுகில் ஏறி நின்று அவனையே பெருமைப்படச் சொல்வது பழைய தந்திரம். நமக்கு அந்தப் பெருமையில் பங்கு வேண்டாம், கணக்குத்தான் வேண்டும்.

கணக்குக் கேட்டால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்த கதைதான். 2019 ஜூனில் திருப்பனந்தாள் கூட்டத்தில் இயக்குநர் பா. இரஞ்சித் இராஜராஜன் காலத்து நிலப்பறிப்பைப் பற்றிப் பேசினார். வழக்குப் போட்டார்கள். முன்ஜாமீன் கேட்டு நீதிமன்றப் படி ஏற வேண்டி வந்தது. ஆயிரம் வருசத்துக்கு முன்னால் செத்த ராஜாவைப் பற்றி ஒரு தலித் வாய் திறந்தால் இன்றைக்கு இருக்கிற போலீஸ் ஸ்டேசனில் எப்.ஐ.ஆர். பதிவாகிறது. அப்புறம் என்ன, அது பழைய கதை என்கிறீர்கள்?

இன்னொரு கணக்கும் சொல்லிவிடலாம். கோயில் முடிந்தது 1010. சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1939. இடையில் 929 வருசம்.

*

தாராசுரம் பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கோயில். இரண்டாம் இராஜராஜன் கட்டியது. தேர்ச் சக்கரம், தட்டினால் சுரம் பேசும் படிகள், ஒரே தலைக்குள் யானையும் காளையும் தெரிகிற சிற்பம் என்று பார்க்க நிறைய இருக்கிறது. 2004இல் இதையும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். பெரிய புராணத்து நாயன்மார் கதைகளைச் சின்னச் சின்னப் பலகைகளாகச் செதுக்கிக் கீழே பெயரும் வெட்டியிருக்கிறார்கள்.

நாயன்மார் வரிசை என்றாலே நமக்கு நந்தன் ஞாபகம்தான் வரும். திருநாளைப்போவார். பெயரிலேயே சங்கதி அடங்கிவிட்டது. நாளைக்குப் போகிறவர். இன்றைக்கு விட மாட்டார்கள். கோயில் மத்தளத்துக்குத் தோல் கொடுத்தவன், யாழுக்கும் வீணைக்கும் நரம்பு கொடுத்தவன் அவன் என்று பெரிய புராணமே சொல்கிறது. அவன் உரித்துக் கொடுத்த தோலில்தான் உள்ளே சங்கீதம். அவன் மட்டும் வெளியே. திருப்புன்கூரில் அவனுக்காக நந்தி விலகியதாம். நந்தி விலகியது, வாசல் திறக்கவில்லை. வெளியே நின்றே பார்த்துக்கொள் என்பதுதான் சாமி செய்த ஏற்பாடு. தில்லையில் உள்ளே விட்டார்கள், தீயில் இறக்கிய பிறகு. தீயிலிருந்து எழுந்து வந்தவன் மார்பில் பூணூல். பறையனை எரித்தால்தான் பக்தன் கிடைப்பான் என்கிற கதையைப் பக்தி இலக்கியம் என்று படிக்கிறோம். பரீட்சையும் எழுதுகிறோம்.

*

மயிலாடுதுறைக்குத் தெற்கே வழுவூர். கலை தெரிந்தவர்களுக்கு இந்த ஊர் ஒரு தலம். சிவன் யானையைக் கிழித்துத் தோலைப் போர்த்திக்கொண்டு ஆடுகிற கஜசம்ஹார மூர்த்தியின் செப்புத் திருமேனி இந்த ஊருடையது. உலகத்துக் கலைப் புத்தகமெல்லாம் பேசும் படிமம். பரதநாட்டியத்தில் வழுவூர் பாணி என்று ஒரு பாணியே இருக்கிறது. நட்டுவனார் வழுவூர் இராமையா பிள்ளையின் ஊர்.

"சிவன் யானைத்தோல உரிச்சா கலை. எங்கப்பன் மாட்டுத்தோல உரிச்சா தீட்டு" என்றார் திருவாரூர்ப் பக்கத்திலிருந்து வந்த தோழர். சிற்பக்கலை நண்பர் அதற்குப் பதில் சொல்லவில்லை.

வழுவூருக்குப் பக்கத்தில் திருநாள்கொண்டச்சேரி. 2016 ஜனவரியில் அங்கே நூறு வயதை எட்டிய தலித் பெரியவர் ஒருவர் இறந்துபோனார். அன்றைக்கு அது நாகப்பட்டினம் மாவட்டம், இன்றைக்கு மயிலாடுதுறை மாவட்டம். சேரியிலிருந்து சுடுகாட்டுக்குப் போக வேண்டுமென்றால் வயலுக்குள் இறங்கித்தான் போக வேண்டும். வழுவூர் வழியாகப் பொதுப்பாதை இருக்கிறது, அதில் பிணம் போக சாதி இந்துக்கள் விடுவதில்லை. குடும்பத்தார் உயர்நீதிமன்றம் போனார்கள். பொதுப்பாதையில் எடுத்துப் போகலாம், போலீஸ் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவும் வாங்கிவந்தார்கள். நடந்தது என்ன? போலீஸ் வந்தது. பாதுகாப்புக் கொடுக்க அல்ல. சனங்களை அடித்துப் பிடித்து ஏற்றியது. உடலைத் தானே எடுத்துக்கொண்டு வேறு வழியாகக் கொண்டுபோய்ப் புதைத்தது.

உயர்நீதிமன்ற உத்தரவு காகிதத்தில் இருந்தது. இராஜராஜன் உத்தரவு கல்லில் இருந்தது. எது செல்லுபடியானது?

வழுவூர் பாணியில் ஆடுகிற கலைஞர்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரே ஊர்த் தெருவில் நடராசன் ஊர்வலமாகப் போகலாம், நூறு வருசம் அந்த மண்ணில் உழைத்த மனுசன் போகக் கூடாது என்றால், அந்த ஊரின் கலையைப் பற்றி எழுதுகிறவன் இதையும் எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால் அது கலை வரலாறு அல்ல, கோயில் ஸ்தல புராணம்.

*

கீழ்வேளூரைத் தாண்டி வெண்மணிக்குப் போனபோது பொழுது சாய்ந்துவிட்டது. பெரிய கோயில் வாசலில் வண்டி நிறுத்த இடம் கிடைக்கவில்லை. இங்கே எங்கள் வேனைத் தவிர வண்டி இல்லை.

1968 டிசம்பர் 25. கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டார்கள். செங்கொடியை இறக்கு என்றதற்கு மாட்டேன் என்றார்கள். ஒரே குடிசைக்குள் ஒளிந்த 44 பேரை வெளியே பூட்டி எரித்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். 1970இல் நாகப்பட்டினம் செசன்ஸ் கோர்ட் மிராசுதார் கோபாலகிருஷ்ண நாயுடுவுக்கும் கூட்டாளிகளுக்கும் பத்து வருசம் கொடுத்தது. 1973இல் உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. கார் வைத்திருக்கிற கௌரவமான மிராசுதார்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்பதை அந்தத் தீர்ப்பால் நம்ப முடியவில்லை. நிலம் வைத்திருக்கிறவன் கொலை செய்ய மாட்டான் என்பது சட்டப் புத்தகத்தில் எந்தப் பிரிவு?

ஒரு தளிச்சேரிப் பெண்ணுக்கு 100 கலம் என்றால் 400 பேருக்கு ஆண்டுக்கு 40,000 கலம் நெல் அளந்த பூமி இது. அந்த நெல் இந்த டெல்டாவின் சேற்றில் இறங்கிய கால்கள் கொடுத்த நெல். அதே காலுக்கு அரைப்படி கூட்டிக் கேட்டதற்குத் தீ. நந்தனுக்கும் தீ. தில்லையில் எரிந்தவனை நாயன்மார் ஆக்கினார்கள். வெண்மணியில் எரிந்தவர்களைக் கூலி விவசாயிகள் ஆக்கினார்கள். எரிந்த 44 பேரும் ஏன் சேரிக்காரர்களாகவே இருந்தார்கள் என்று கேட்டால் இடதுசாரித் தோழர்களுக்கு இன்றைக்கும் சங்கடமாக இருக்கிறது. சங்கத்தைக் கட்டியதும் கொடியைத் தூக்கிப் பிடித்ததும் அவர்கள்தான், அந்த நியாயத்தை மறுக்கவில்லை. கொடி சிவப்பு என்பதற்காகச் சேரி ஊராகிவிடாது என்பதையும் அவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும்.

சிற்பக்கலை நண்பர் அந்த நினைவுச் சின்னத்தில் ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டு வந்தார். தஞ்சாவூர்க் கல்லில் நம் ஆட்களுக்கு இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது. பெயர். எரித்த பிறகுதான் கிடைத்தது.

*

ஆகவே மாணவத் தோழர்களிடமும் இயக்கத் தோழர்களிடமும் சொல்ல வேண்டியது இது.

கோயிலுக்குப் போகாதே என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. போங்கள், கூட்டமாகப் போங்கள். கையில் கல்வெட்டின் நகலோடு போங்கள். பறைச்சேரி, தீண்டாச்சேரி, பறைச்சுடுகாடு என்ற சொற்களை அந்த மதிலுக்குக் கீழே நின்று சத்தமாகப் படியுங்கள். கூட்டம் கூடும், கேட்கட்டும். இந்தச் சொற்களையும் சேர்த்து எல்லோருக்கும் புரிகிற தமிழில் அங்கே ஒரு பலகை வை என்று தொல்லியல் துறையைக் கேளுங்கள். ஆட்டுக் கணக்கைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் ஆள் கணக்கையும் சொல்லட்டும். தஞ்சாவூரைச் சுற்றுலாத் தலம் என்று கூட்டிப்போகிற கல்லூரிகளிடம், வெண்மணியையும் அதே நாளில் அதே வண்டியில் காட்டு என்று கேளுங்கள். தூரமும் அதிகமில்லை. தூரமாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சோழப் பெருமை பேசுகிற தமிழ்த் தேசிய நண்பர்களுக்கு நம்மிடம் விரோதம் இல்லை. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. ஆயிரம் வருசத்துப் பெருமை உங்களுடையது என்றால் ஆயிரம் வருசத்துப் பறைச்சுடுகாடும் உங்களுடையதுதான். ஒன்றை வாரிசாக வாங்கிக்கொண்டு மற்றதைத் தெரியாது என்று சொல்ல முடியாது. உங்கள் ஊரில் எத்தனை சுடுகாடு இருக்கிறது? சேரிப் பிணம் எந்தப் பாதையில் போகிறது? இந்த இரண்டு கேள்விக்கும் முதலில் பதில் சொல்லுங்கள். மேடை அதற்குப் பிறகு.

நம் வேலை நம் ஊரிலிருந்தே தொடங்குகிறது. வயலுக்குள் இறங்கிப் பிணம் தூக்குகிற ஒவ்வொரு சேரியும் இராஜராஜன் கல்வெட்டின் ஒரு வரி. அந்த வரியைத் தஞ்சாவூரில் அழிக்க வேண்டாம். அங்கே அது சாட்சியாக இருக்கட்டும். ஊரில் அழிப்போம். ஒரே பாதை, ஒரே சுடுகாடு என்று ஒவ்வொரு ஊராட்சியிலும் கேட்போம், கிடைக்கிற மட்டும் விடாமல் கேட்போம். இரண்டாவது சுடுகாடு மூடிய அன்றைக்கு எல்லோருமாகச் சேர்ந்து அண்ணாந்து கோபுரம் பார்க்கலாம். அதுவரைக்கும் நாம் கீழே குனிந்து கல்வெட்டைத்தான் படிப்போம்.